வாறேன் என்று சொல்லும்போது

1

இடவப்பாதி மழை நேற்று இரவு இறங்கியது. விடிந்த பிறகும் முற்றத்துப் பலாவிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஆறரைக்குப் பிள்ளைகள் வருவார்கள். எட்டுப் பேர். ஐந்து பேர் கேரளத்தில் பாறசாலை, செங்கல், தனுவச்சபுரம், பாலராமபுரம் பக்கம். மூன்று பேர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டு விளவங்கோட்டுக்காரர்கள். எல்லோரும் நர்சிங் முடித்தவர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்காக ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் மலையாளத்திலும் தமிழிலுமாகப் பேசிக்கொள்வார்கள். எந்த வாக்கியத்தில் எந்த மொழி முடிந்து எந்த மொழி தொடங்கியது என்று அவர்களுக்கே தெரியாது.

நேற்று ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள், ஆங்கிலத்தில் சொல்லுங்கள். எட்டுப் பேரும் 'ஐ வில்' என்றே தொடங்கினார்கள். களியக்காவிளைப் பிள்ளை, 'ஐ வில் கோ டு திருவனந்தபுரம்' என்றாள்.

"டிக்கெட் எடுத்தாச்சா மக்களே?"

"எடுத்தாச்சு சார். அக்காளும் கூட வாறா."

"அப்படின்னா 'ஐ ஆம் கோயிங்'னு சொல்லணும்."

அவள் முகம் சுருங்கியது. "இன்னும் போகல்லயே சார். நாளைக்கில்லா போறேன்?"

சொல்லி முடித்ததும் அவளே நிறுத்திவிட்டாள். 'நாளைக்கு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'போறேன்' என்ற நிகழ்காலத்தை வைத்தது அவள் வாய்தான். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலிருந்த பாறசாலைப் பிள்ளை மெதுவாக, "ஞங்ஙளும் அங்ஙனெ தன்னெ. நாளே போகுன்னுண்டு" என்றாள். நாங்களும் அப்படித்தான், நாளைக்குப் போகிறோம் என்று பொருள்.

அந்த நிமிடத்திலிருந்து இந்த நோட்டில் இதைப் பற்றி எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

2

மலையாளத்தில் நாளைய வருகையைச் சொல்ல மூன்று வழிகளை இந்த ஊரில் தினமும் கேட்கிறேன்.

'ஞான் நாளே வரும்' என்றால் வருவேன்; அவ்வளவுதான். 'ஞான் நாளே வராம்' என்றால் ஒரு சம்மதம் அதில் இருக்கிறது. நீ கேட்டாய், நான் ஒத்துக்கொண்டேன். 'ஞான் நாளே வருன்னுண்டு' என்றால் முடிவாகிவிட்டது. வண்டி, நேரம், ஆள் எல்லாம் தீர்மானமானபடி இருக்கிறது.

மூன்றாவதற்குள் இருப்பது நிகழ்கால உருபு. 'ஐ ஆம் கமிங் டுமாரோ' என்ற ஆங்கிலம் நிற்கும் அதே இடத்தில்தான் இதுவும் நிற்கிறது. ஆங்கிலப் பாடநூல்கள் இதற்கு 'அரேஞ்ச்மெண்ட்' என்று பெயர் வைத்திருக்கின்றன. ஏற்பாடு நடந்துவிட்ட எதிர்காலத்துக்கு நிகழ்கால வடிவம். ஏற்பாடு இல்லாத வெறும் எண்ணத்துக்கு 'கோயிங் டு'. அந்த நொடியில் எடுக்கிற முடிவுக்கும், ஊகத்துக்கும் 'வில்'.

மழைக்கு இந்த வடிவம் ஒட்டாது என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். 'இட் இஸ் ரெயினிங் டுமாரோ' என்று ஆங்கிலக்காரர் சொல்ல மாட்டார். 'நாளைக்கு மழை பெய்யுது' என்று நாமும் சொல்வதில்லை, 'பெய்யும்' என்கிறோம். மழையோடு யாரும் பேசி ஏற்பாடு செய்துகொள்ள முடியாது. மேகம் கறுத்துவிட்டால் மட்டும் ஆங்கிலம் 'கோயிங் டு ரெயின்' என்கிறது. நாம் 'பெய்யப் போகிறது' என்கிறோம். மலையாளம் 'பெய்யான் போகுன்னு' என்கிறது. நடந்துபோவதைக் குறித்த ஒரு சொல்லை எதிர்காலத்துக்கு உதவியாக அழைத்துக்கொள்ளும் வழக்கம், ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிக்குடும்பங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. மனிதர்கள் எங்கே இருந்தாலும், காலடி எடுத்து வைத்துவிட்ட எதிர்காலத்தை மற்ற எதிர்காலத்திலிருந்து பிரித்துச் சொல்ல விரும்பியிருக்கிறார்கள்.

3

பிள்ளைகள் ஏன் எல்லாவற்றுக்கும் 'வில்' போடுகிறார்கள் என்று யோசித்தேன். தவறு சோம்பலால் வந்ததல்ல. அவர்கள் தங்கள் மொழியை நம்பித்தான் அப்படி எழுதுகிறார்கள்.

'தினமும் அஞ்சு மணிக்கு எழும்புவேன்' என்கிறோம். வழக்கத்தைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தை எடுக்கிறது. அதனால் பிள்ளை 'எவ்ரி டே ஐ வில் கெட் அப்' என்று எழுதுகிறாள். ஆங்கிலம் வழக்கத்துக்கு வெறும் நிகழ்காலத்தை எடுக்கும். 'வண்டி ஏழு மணிக்குப் போகும்' என்று தமிழ் சொல்வதை ஆங்கிலம் 'த ட்ரெயின் லீவ்ஸ் அட் செவன்' என்று சொல்லும். கால அட்டவணையில் அச்சாகிவிட்டதை அது இன்றைய உண்மையாகவே பார்க்கிறது.

'நான் வரும்போது' என்பதிலும் இதே சிக்கல்தான். நம் 'வரும்' எதிர்காலப் பெயரெச்சம். மலையாளத்தின் 'வரும்போள்' அப்படியே. அதைத் தொட்டுக்கொண்டே 'வென் ஐ வில் கம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் முதன்மை வாக்கியம் எதிர்காலத்தைத் தூக்கிக்கொண்டால் போதும். 'வென்', 'இஃப்', 'அண்டில்' போன்றவற்றின் பின்னால் நிகழ்காலம் சும்மா வந்து உட்காரும். 'வென் ஐ கம், ஐ வில் கால் யூ.' பாரத்தை ஒரு தோள் சுமந்தால் போதும் என்பது அதன் முறை. நாமோ 'வந்தால்' என்று சொல்லும்போது இறந்தகாலத் தண்டிலிருந்தே சொல்லை வளர்க்கிறோம். இன்னும் வராதவனுக்கு 'வந்து' என்ற அடி. ஒவ்வொரு மொழிக்கும் காலத்தைப் பிடிக்க ஒரு கைப்பிடி இருக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில் இல்லை.

எங்கள் ரயில் நிலையங்களிலும் இந்த வேறுபாட்டைக் கேட்கலாம். இந்தப் பகுதிக்கு ரயில் வந்தது 1979-இல். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அன்றிலிருந்துதான் நாகர்கோவிலோடு தண்டவாளத்தால் இணைந்தன. வண்டி வருவதை அறிவிக்கும் ஒலிபெருக்கியை இப்போது வேறு காதோடு கேட்கிறேன். மலையாளத்தில் 'எத்திச்சேருன்னதாணு' என்கிறார்கள். நிகழ்கால அடியில் கட்டிய சொல். ஆங்கிலத்தில் 'இஸ் அரைவிங் ஷார்ட்லி'. அதுவும் நிகழ்காலம். எல்லை தாண்டி நாகர்கோவில் சந்திப்பில் அதே வண்டிக்குத் தமிழ், 'வந்து சேரும்' என்கிறது. வண்டி ஒன்றுதான், பயணிகளும் அவர்களே. கைப்பிடி மட்டும் மாறுகிறது.

4

வகுப்பு முடிந்து பழைய நூல்களைப் புரட்டினேன். இளமையில் மனப்பாடத்துக்காகப் படித்தவை. இப்போது வேறு பசியோடு படிக்கிறேன்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் வினையியல், வரப்போகும் செயலை இறந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும் சொல்லலாம் என்று இடம் தருகிறது. எப்போது? இயற்கையைச் சொல்லும்போதும் தெளிவைச் சொல்லும்போதும். விரைவிலும் அப்படிச் சொல்லலாம் என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இத்தகைய காரணங்களை விரைவு, மிகவு, தெளிவு, இயல்பு என்று நான்காகத் தொகுத்தார். இலக்கணத்தார் இதைக் கால வழுவமைதி என்பார்கள். தவறுபோலத் தோன்றுவதைத் தவறில்லை என்று ஏற்றுக்கொள்ளும் அமைதி.

உரையாசிரியர்கள் தெளிவுக்குக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று நெடுநேரம் மனதில் நின்றது. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகின்றன. பார்த்தவர், மழை பெய்தது என்று சொல்லிவிடலாமாம். ஒரு துளியும் விழவில்லை. ஆனால் எறும்பு தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

நேற்று மாலை எங்கள் திண்ணையில் அதையேதான் பார்த்தேன். கறுப்பெறும்பு வரிசை, வாயில் வெள்ளைப் பொட்டுகளோடு, சுவரின் விரிசலைப் பிடித்து மேலே போயிற்று. வழியில் நான் வைத்த செம்பைச் சுற்றிக்கொண்டு போயிற்று. ஒன்றின் வாயிலிருந்து முட்டை நழுவி விழ, பின்னால் வந்தது அதை எடுத்துக்கொண்டது. இரவு மழை வந்தது.

எந்தக் காலத்தில் சொல்வது என்பதை நாள்காட்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. கண்ணுக்கு முன்னால் என்ன தொடங்கியிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. நம் இலக்கணம் இதை ஒத்துக்கொண்டு நூற்றாண்டுகள் பல ஆகின்றன.

5

தொடங்கிவிட்ட வேலை என்றதும் பாலராமபுரம் ஞாபகம் வருகிறது. அது நெய்யாற்றின்கரை தாலுகாவில்தான் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா ஆட்சியில், 1798-க்கும் 1810-க்கும் இடையில், தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்து அங்கே குடியேற்றினார்கள். திவான் உம்மிணித் தம்பியின் பெயரை அந்த ஊரின் கதையோடு சேர்த்துச் சொல்வார்கள். கசவுக்கரை போட்ட வெள்ளைப் புடவை அந்தத் தறிகளிலிருந்து வருகிறது.

ஒருமுறை சாலியர் தெருவில் பாவு விரித்திருந்ததைப் பார்த்தேன். தெருவின் நீளத்துக்கு நூல். ஒரு நூல் இன்னொன்றைத் தொடாமல், இழுத்துக் கட்டப்பட்டு, இடுப்பு உயரத்தில் நின்றது. இருவர் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவி, நீண்ட தூரிகையால் ஒரே போக்கில் நீவிக்கொண்டே போனார்கள். அறுந்த இழையைக் கண்டதும் ஒருவர் குனிந்து, இரு விரலால் திரித்து முடிச்சில்லாமல் சேர்த்தார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று யாரும் பேசவில்லை.

குறுக்கே ஓடும் ஊடை ஒன்றுகூட இன்னும் ஓடவில்லை. ஆனால் எத்தனை முழம், எவ்வளவு அகலம், எத்தனை இழை என்பதெல்லாம் அந்தப் பாவில் முடிவாகிவிட்டது. துணி வரும் என்று சொல்வதைவிட, துணி வருகிறது என்று சொல்வதே அந்தத் தெருவில் உண்மை.

'ஐ ஆம் லீவிங் ஆன் மண்டே' என்ற வாக்கியத்தை விளக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை. பாவு விரித்த எதிர்காலத்துக்கு நிகழ்காலம். பிள்ளைகளிடம் இப்படியே சொன்னேன். பாலராமபுரத்திலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி உடனே தலையாட்டினாள். அவள் வீட்டில் தறி இருந்ததாம்.

6

ஆங்கிலத்துக்குத் தொடக்கத்தில் தனி எதிர்கால வடிவமே கிடையாது. பழைய ஆங்கிலம் இன்றைக்கும் நாளைக்கும் ஒரே வினை வடிவத்தைத்தான் வைத்திருந்தது. 'வில்' என்பது அப்போது விரும்புதல். 'ஷல்' என்பது கடன்பட்டிருத்தல். பின்னால்தான் விருப்பமும் கடனும் எதிர்காலத்தின் வேலைக்கு வந்தன.

நம் பக்கமும் இதற்கு ஒரு நிழல் இருக்கிறது. சங்க நூல்களில் 'கின்று' என்னும் நிகழ்கால இடைநிலை மிக அரிது. 'செய்யும்' என்ற ஒரே வடிவம் இப்போதையும் இனிமேலையும் வழக்கத்தையும் சேர்த்துச் சொன்னது. இன்றைக்கும் இனிக்கும் நடுவில் சுவர் பின்னால்தான் எழும்பியது. அதிலும் வாசல் வைத்தே கட்டினார்கள்.

'ஷல்' கடன் என்று தெரிந்தபோது எனக்கு 1956 ஞாபகம் வந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டம், அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தது. செங்கோட்டைப் பகுதியும் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சட்டத்தின் ஆங்கிலம் முழுக்க 'ஷல்'தான். சேர்க்கப்படும், இல்லாமலாகும். ஆகஸ்ட் 31-இல் எழுதி முடிந்த அந்தக் கடன் நவம்பர் 1-இல் தீர்ந்தது. அன்று காலை விழித்தபோது, முந்தின நாள் ஒரே திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்களாகத் தூங்கியவர்கள் இரண்டு மாநிலத்தவர்களாக இருந்தார்கள். இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு கோடு வந்தது. சந்தைக்கு மரச்சீனியும் நேந்திரன் குலையும் கொண்டு போகிறவர்கள் அந்தக் கோட்டைத் தினமும் தாண்டினார்கள்; இன்றும் தாண்டுகிறார்கள்.

7

அந்தக் கோட்டைத் தாண்டி வந்த ஆற்றுத் தண்ணீரைப் பற்றியும் எழுத வேண்டும். கேரளத்து நெய்யாறு அணையிலிருந்து இடதுகரைச் சானல் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 2004-லிருந்து நின்றுபோயிற்று. ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேல் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தது. 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று.

என் தாய்வீடு விளவங்கோட்டில். சிறுவயதில் சானல் கரையில் நின்று 'தண்ணி வருது, தண்ணி வருது' என்று கத்தியிருக்கிறோம். முதல் நுரை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, மேல்கரையில் நிற்கும் பையன் சொன்னதை வைத்து அடுத்தவன் சொல்வான். அதை வைத்து நாங்கள் சொல்வோம். நிகழ்காலம் தண்ணீருக்கு முன்னால் ஓடிவந்தது. எறும்பைப் பார்த்து மழையைச் சொன்னதுபோல.

இப்போது கரையில் நிற்கும் பெரியவர்கள் 'தண்ணி வரும்' என்கிறார்கள். 'வருது' என்று யாரும் சொல்வதில்லை. ஒரு சொல்லின் கடைசி எழுத்துகளில் இருபது ஆண்டுக்கு மேலான தாகம் இருக்கிறது. பாறசாலையிலும் எனக்குப் பிரியமானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வயலுக்கும் அந்த ஆறு வேண்டும். இரண்டு கரையும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தால்தான் அந்த 'வரும்' மறுபடி 'வருது' ஆகும்.

8

சென்ற ஆண்டு ஒரு பிள்ளை. தேர்வில் தேறிவிட்டாள். பத்தாம் தேதி விமானம். இருந்த வேலையை விட்டாள், பெட்டி கட்டினாள், கடன் வாங்கிப் பணம் கட்டினாள். 'ஐ ஆம் லீவிங் ஆன் த டென்த்' என்று எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். ஒன்பதாம் தேதி மாலை ஏஜென்சியிலிருந்து போன் வந்தது, தாள்கள் சரியாகவில்லை என்று.

இரண்டு வாரம் கழித்து வகுப்புக்கு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லோரும் போன பிறகு கேட்டாள்: "இனி அதை எப்படிச் சொல்லணும் சார்?"

"ஐ வாஸ் லீவிங் ஆன் த டென்த்."

"பத்தாந்தேதி போறதா இருந்தேன்" என்று தமிழில் சொல்லிப் பார்த்தாள். நோட்டில் இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டாள். ஏற்பாடு இருந்தது, பயணம் இல்லை என்பதைச் சொல்ல இரு மொழியிலும் இடம் இருந்தது. அது அன்று அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது என்று நம்புகிறேன்.

அவள் நிகழ்காலத்தில் சொன்னது பொய்யா? பல நாள் யோசித்தேன். பொய்யில்லை. அவள் கையால் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தாள். ஏற்பாடு என்பதற்கு இரண்டு கை வேண்டும். மறுகை தன் வேலையைச் செய்யவில்லை. அவள் பிறகு வேறு வழியில் போய்ச் சேர்ந்தாள். போகும் முந்தின நாள் வந்து, எந்தக் காலமும் சொல்லாமல், நமஸ்காரம் செய்துவிட்டுப் போனாள்.

9

படியிறங்கும்போது விளவங்கோட்டுப் பிள்ளைகள் 'போயிட்டு வாறேன் சார்' என்கிறார்கள். பாறசாலைப் பிள்ளைகள் 'போயிட்டு வராம் சார்' என்கிறார்கள். பாதிச் சொல் பொதுவானது. மீதிப் பாதியில், தமிழ் திரும்பி வருவதை இப்போதே நடப்பதாகச் சொல்கிறது; மலையாளம் அதற்குச் சம்மதம் தருகிறது. இருபது ஆண்டாகக் காதில் விழுந்தும் நான் கவனிக்காத வேறுபாடு இது. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய் இதைக் கற்றேன்.

இனி எனக்கு ஒரு நியமம் வைத்துக்கொள்கிறேன். டிக்கெட் எடுக்காமல், ஆளிடம் சொல்லாமல், நாளைக் குறிக்காமல் 'வாறேன்' என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அதுவரைக்கும் 'வரப் பார்க்கிறேன்' என்பது போதும். சொல்லிவிட்டால், அன்றிரவே அதற்கு ஒரு வேலையைத் தொடங்கிவிடுவேன்.

ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதிர்காலம் என்றால் 'வில்' என்று முதல் நாளே பலகையில் எழுதிவிடாதீர்கள். அதற்கு முன்னால் பிள்ளையிடம், நாளைக்கு ஊருக்குப் போவதை அம்மாவிடம் எப்படிச் சொன்னாய் என்று கேளுங்கள். பாதிப் பாடம் அவள் வீட்டிலேயே முடிந்திருக்கும்.